வலியில்லா வார்டு

"தவமணி ஐயா, வலி எப்படி இருக்கு?" என்று கட்டில் கேட்டது.

சொல்லும் பதில் அப்போதே ஆஸ்பத்திரி வாசல் பலகையில் ஊர் பார்க்க ஏறிவிடும். வலிக்கிறது என்றால் வார்டு நர்ஸுக்கு மதிப்பெண் குறையும், வேலையும் போகும். முந்தைய நர்ஸ் அப்படித்தான் போனாள். இப்போது இருக்கும் பெனிட்டா நிறைமாதக்காரி.

"சுகமா இருக்கேம்மா," என்றார் தவமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி அல்லிராணிக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்குக் கேட்காதபடி அவர் காதோரம் சீறினாள். "பெரிய தர்மப்பிரபு! விடிய விடிய என் கையைப் போட்டு நெரிச்சது யாராம்?"

"பாவம்டி, வயித்துப்பிள்ளைக்காரி. அவ பொழப்புல நான் மண்ணள்ளிப் போடவா?"

தானே கட்டிலிடம் உண்மையைச் சொல்லிவிட அல்லிராணி வாயெடுத்தாள். கதவோரம் பெனிட்டா கும்பிட்டபடி நின்றாள். வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

"மகிழ்ச்சி ஐயா. வலி இல்லாததால் வலிமருந்து நிறுத்தப்படுகிறது," என்றது கட்டில். சொட்டிக்கொண்டிருந்த மருந்து நின்றது.

"ஐயோ அக்கா, அதை நான் திறக்க முடியாதே! கட்டில் கொடுத்தாத்தான் உண்டு," என்று பெனிட்டா அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் தவமணி முனக ஆரம்பித்தார். கட்டிலின் காதுக்குப் பயந்து கிசுகிசுத்தார்: "சத்தம் கேக்குதா, அல்லி?"

"கேக்குதுங்க," என்றவள், துண்டின் முனையைச் சுருட்டித் தன் கையாலேயே அவர் வாயில் வைத்து அழுத்தினாள்.