சாக்பீஸ் ஏன் மேலேயே நிற்கவில்லை

ஷீபா டீச்சர் சாக்பீஸை மேலே எறிந்தார். மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே வரை போய், திரும்பி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

"உச்சியில ஒரு நொடி நின்னுச்சுல்ல? அந்த நொடியில பூமி அதை இழுக்குதா, இல்லையா?"

கேள்வி வகுப்புக்கு அல்ல. கடைசி பெஞ்சில் இருந்த சகாயம்மாளுக்கு.

பூதலூரில், மாதா கோயிலை ஒட்டிய அறையில் நடக்கும் மாலை வகுப்பு இது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதப்போகிறவர்கள், என்னையும் சேர்த்து, பதினொரு பேர். அறிவியல் செய்முறைக்கு விண்ணப்பம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். பத்துப் படிவங்களில் டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சகாயம்மாளுடையது மட்டும் நிரப்பப்படாமல் மேசையில் கிடந்தது.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. எழுதும் வேகம் போதாது. எந்தத் தேர்விலும் பாதித் தாள் வெள்ளையாகவே இருக்கும். இரண்டு வருடமாக, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்று டீச்சர் நிறுத்திவைத்தார். இன்று ஒரு கேள்விக்கு வாயால் சரியாகப் பதில் சொன்னால் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்தேன். நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். மேலே போகும்போது கை தள்ளியது. கீழே வரும்போது பூமி இழுக்கிறது. நடுவில் நிற்கும் நொடியில் யாரும் இல்லை.

சந்தேகம் வந்து மறுபடி படித்தேன். சரியாகத்தான் பட்டது.

டீச்சர் பார்க்காத நேரத்தில், 'இல்லை' என்று சகாயம்மாளுக்குத் தலையசைத்துக் காட்டினேன்.

சகாயம்மாள் எழுந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டார்.

"இழுக்குது டீச்சர்."

முன் பெஞ்சு சிரித்தது. பைக் மெக்கானிக் டேவிட்சன் திரும்பி உட்கார்ந்தான். "நின்னுருச்சுன்னு டீச்சரே சொல்றாங்க. அப்புறம் என்னத்தக்கா இழுக்குறது?"

சகாயம்மாளின் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. பத்து வருடமாக நடவு வயலில் நாற்று முடி வீசும் கை. வரப்பிலிருந்து வீசும் ஈர நாற்றுக்கட்டு, குனிந்து நடுகிற பெண்கள் நிமிராமல் கை நீட்டும் இடத்தில் போய் விழவேண்டும். ஆண்கள் செய்கிற வேலை அது. ஆள் கிடைக்காத ஒரு குறுவை நடவில் அவர் செய்தார். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு வேறு யாரையும் கூப்பிடவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை முடி வீசுறேன். எல்லாமே மேல போயி நின்ன மாதிரிதான் தெரியும். அந்த நேரத்துல இழுக்கலைன்னா அது அங்கேயே தொங்கிட்டு நிக்கணுமே தம்பி. அப்புறம் யாரு ஏறிப் போயி எடுக்கிறது, நீயா?"

இந்த முறை எல்லோரும் டேவிட்சனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "மேல ஏறிப் போறப்பவுமா இழுக்குது?" என்று கேட்டார்.

"அதனாலதானே டீச்சர் வேகம் குறையுது."

டீச்சர் பேனாவைத் திறந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டு ஒரே வரியாக எழுதினேன்: முழு நேரமும் இழுக்கிறது.

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால், படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார் டீச்சர். பெயரை எழுதினேன். பிறந்த தேதியை எழுதினேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முகவரியின் இரண்டாவது வரியில் டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜாய்ஸ், உன் அட்ரஸை எழுதிட்டு இருக்கியேம்மா."

நான் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நானும் சகாயம்மாளும் வேறு வேறு பஸ்ஸில்தான் வருகிறோம். அப்படி வரலாம் என்று சொன்னது அவர் இல்லை, நான்.

எழுந்து நின்று, முன் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இவங்க எங்கம்மா டீச்சர்."