உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக்கி

"அப்ப நான் கீழ இறங்கவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம் சார். சீட்டுக்கு அடியில கைய விட்டு இந்தக் கைப்பிடிய ஒரு இழு இழுங்க. பின்னாடி டிக்கி தானா தூக்கிக்கும். பக்கா!"

காண்ட்ராக்டர் பக்தவத்சலம் அம்பாசடரின் டிரைவர் சீட்டில் நெளிந்தார். தீவின் டெலானிபூர் மேட்டில், அவர் வீட்டு வாசலிலேயே கார் நின்றது. மெக்கானிக் ஜெயமணி அதன் அடியில் கிடந்தான். சைக்கிள் பிரேக் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, டிக்கிப் பூட்டிலிருந்து முன்சீட் வரைக்கும் இழுத்துக் கொண்டிருந்தான்.

"ஜல்தி முடிடா! ஒண்ணேகால் ஆச்சு. ரெண்டு மணிக்குக் கப்பல் ஜெட்டி கேட்டைத் திறந்துருவான்."

"இறங்கிப் போய்த் திறந்தா கால் தேஞ்சிடுமா?" என்றாள் டீயோடு வந்த மனைவி விசாலாட்சி.

"இறங்கினா கண்ணு கேட்டை விட்டு நகருமேடி!"

நேற்று கப்பல் ஆபீஸ் கிளார்க் அவர் காதில் ஒரு சேதியைப் போட்டிருந்தான். இன்றைக்கு மெட்ராஸ் போகிற கப்பலின் பயணிகள் லிஸ்டில் அவருடைய மகள் நீலாவதியின் பெயர் இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால், "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தாள், டீச்சர் வேலை பார்க்கும் அவள். யார் என்று சொல்வதற்குள் இவர் கத்திய கத்தலில் வாயை மூடிக்கொண்டவள்தான்.

அடுத்த கப்பல் இருபது நாள் கழித்து. அதில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இன்றைய கப்பல் அவள் இல்லாமல் கிளம்பிவிட்டால் போதும்.

"வீட்ல பூட்டி வெச்சா ஊர் சிரிக்கும்" என்றார் ஜெயமணியிடம். "ஜெட்டிக்கு ஒரே கேட்டு. என் காருக்கு பாஸ் இருக்கு. உள்ள போய் கேட்டைப் பார்த்தாப்ல நிறுத்திட்டு உக்காந்துருவேன். அவ வந்தாலும் பிடிப்பேன், அந்தப் பய வந்தாலும் பிடிப்பேன்."

ஒரே ஒரு சிக்கல், ஜெட்டி குடோனில் கிடந்த பம்ப் பார்சல். அதை இன்றைக்கே எடுத்தாக வேண்டும். அதற்கு இந்த ஒயர் யோசனையைச் சொன்னவனே ஜெயமணிதான்.

"ஆள் யாருன்னே தெரியாம எப்படி சார் பிடிப்பீங்க?"

"திருட்டு முழி எனக்குத் தெரியாதாடா? இருபது வருஷமா இந்தத் தீவுல ஆள் வெச்சு வேலை வாங்குறேன்!"

ஜெயமணி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீலா!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார், ஐந்தாவது தடவையாக.

"என்னப்பா? தலைவலிக்குது, படுத்திருக்கேன்."

"அச்சா, அச்சா. படுத்துக்கோ."

"சார், கடைசியா ஒரு டெஸ்ட்" என்றான் ஜெயமணி. "ஜெட்டியில செய்யிற மாதிரியே, திரும்பாம இழுக்கணும். எங்க, முன்னாடி பாருங்க!"

முன்னால் பார்த்தபடியே இழுத்தார். டக்! டிக்கி எழும்பியது. வண்டி லேசாக அமுங்கியது.

"என்னடா அது?"

"மூடி கொஞ்சம் மக்கர் சார். மேல உக்காந்து அழுத்துறேன்."

டிக்கி மூடிக்கொண்டது.

"நீயும் ஏறுடா. அங்க போய் ஒயர் சிக்கிச்சுன்னா?"

ஜெயமணி முன்சீட்டில் தொற்றிக்கொண்டான். போகிற வழியெல்லாம், "மேடு பள்ளம் பார்த்து சார், மெதுவா சார்" என்று பதறினான். 'என் வண்டி மேல இவனுக்கு என்ன ஒரு அக்கறை' என்று நினைத்துக்கொண்டார் பக்தவத்சலம்.

ஜெட்டிக்குள் கப்பலுக்கு முதுகைக் காட்டி, கேட்டுக்கு முகத்தைக் காட்டி வண்டி நின்றது. கேட் திறந்தது. டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாகக் கூட்டம் பிதுங்கியது. ஒவ்வொரு முகமாகத் துழாவினார். ஜெயமணி பின்னால் போய் நின்றான்.

"சார், பார்சல்! இழுங்க!"

திரும்பாமல் இழுத்தார். டக்! வண்டி ஆடியது.

"ஆச்சாடா?"

"ஆச்சு சார்!" டிக்கி சாத்தப்பட்டது. "அப்ப நான் கிளம்பட்டுமா சார்?"

"போயிட்டு வாடா. பெரிய உபகாரம் பண்ணியிருக்க. பொண்டாட்டி புள்ளைகளோட நீ நல்லா இருக்கணும்!" என்றார், கண்ணைக் கேட்டிலிருந்து எடுக்காமலே.

வெயில் சட்டையை நனைத்தது. டீக்குக்கூட இறங்கவில்லை. மூன்று மணி. மூன்றரை. மஞ்சள் சேலை ஒன்று தெரிந்ததும் பாதி எழுந்து, யாரோ என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். நாலு மணிக்குச் சங்கு ஊதியது. கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பல் கரையை விட்டு விலகியது.

மகளும் வரவில்லை, திருட்டு முழிக்காரனும் வரவில்லை!

ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்துவிட்டு, முதல் தடவையாக இறங்கினார். பார்சல் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று டிக்கியைத் தூக்கினால், உள்ளே ஒன்றுமே இல்லை.

"டேய் முத்துமணி! பார்சல் எங்கடா?" பக்கத்தில் நின்ற போர்ட்டரைப் பிடித்தார்.

"எந்தப் பார்சல் சாப்? அது குடோன்லயே கிடக்கு" என்றான் முத்துமணி. "அக்காவை எதுக்கு டிக்கியில வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்கன்னுதான் எங்களுக்குப் புரியல. ஆனா நீங்களே கைப்பிடிய இழுத்து இறக்கிவிட்டு, ஜெயமணி அண்ணனையும் வாயார வாழ்த்தி ரெண்டு பேரையும் கப்பல் ஏத்தி அனுப்பினீங்க பாருங்க, இந்த மாதிரி அப்பா யாருக்குக் கிடைப்பாங்க?"

இனிமேல் அவர் யார் மேல் கோபப்பட முடியும், நீங்களே சொல்லுங்களேன்?