இரண்டு தாழ்ப்பாள்

“கடலோர ஊரா, மலை ஊரா? லேப்டாப்பும் நெட்டும் இருந்தா எங்கிருந்தும் வேலை பார்ப்பேன். வாசக் கதவுக்கு மட்டும் உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள் இருக்கணும்.” பெயர் போடாமல் இணையக் குழுவில் கேட்டிருந்தாள்.

‘ஊர்சுற்றி’ என்பவர்தான் பொறுமையாகப் பதில் எழுதினார்.

“கடலோரத்துல வாடகை கம்மி, ஆனா கரண்ட் அடிக்கடி போயிடும். மலையில நெட் பறக்கும். யாரும் யாரையும் கண்டுக்க மாட்டாங்க. நூலகத்துக்குப் பின்னாடி ஒரு மாடி வீடு காலியா இருக்கு. ரெண்டு தாழ்ப்பாள்.”

குடிபோன மறுநாள், நெட் இணைப்பு கொடுக்க ஆள் வரும் நேரத்தில் மணி அடித்தது. இரண்டு தாழ்ப்பாளையும் நீக்கினாள்.

அவள் விட்டு ஓடிவந்த கணவன் நின்றிருந்தான்.

“ஊர்சுற்றிங்கிற பேர்ல நான் சொன்ன வீடு பிடிச்சிருக்கா? நெட்டு, வாடகை எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு தாழ்ப்பாள் வேணும்னு, ஒண்ணை உடைச்சுட்டு உள்ள வந்தவன் பொண்டாட்டிதான் கேப்பா.”