ஓவர்சியர் வாங்கிய கால்குலேட்டர்

"என்னய்யா வாங்கியாந்திருக்கீரு?"

ஏ.ஈ. என்கிற உதவிப் பொறியாளர் சுந்தர்ராஜ் கால்குலேட்டரை மேசையில் வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

ஓவர்சியர் சங்கரலிங்கம் குனிந்து பேனாவை எடுத்து வைத்தார்.

"கால்வாய்த் தண்ணிக் கணக்குக்கு ஃபார்முலா போடணும். பிராக்கெட் வேணும், மூணில் ரெண்டுன்னு அடுக்குப் போடப் பவர் பட்டன் வேணும். சயின்டிஃபிக் வாங்கச் சொல்லி அனுப்புனா, பலசரக்குக் கடையில கூட்டிக் கழிக்கிற பிசினஸ் மிஷினை வாங்கியாந்து நிக்கிறீரு! முப்பது வருச சர்வீஸ் வேற! பவர் பட்டன் இருக்கான்னு பாக்கத் தெரியாது?"

"நம்பரு பெருசாத் தெரிஞ்சுச்சு சார். கண்ணுக்கு நல்லா இருந்துச்சு."

ஆபீசே கொல்லென்று சிரித்தது. முத்துப்பேச்சியும் சிரித்தாள். நல்லா வேணும் இந்த மனுசனுக்கு என்று வாய்க்குள் சொல்லியும் கொண்டாள்.

அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. வைகை அணைக் காலனியில் அந்தச் சின்ன ஆபீசில் அவள் அடுக்குக் கணக்குக்கு வேண்டிய லாக் டேபிள் புத்தகத்தைப் பார்த்து நம்பர் வாசிப்பாள். எதிரே உட்கார்ந்து சங்கரலிங்கம் எழுதிக் கணக்குப் போடுவார். புருஷன் செத்த பிறகு கிடைத்த டெம்பரரி வேலை, ஆறு வருஷமாக இதேதான். சங்கரலிங்கம் வாயிலிருந்து வருவது ரெண்டே வார்த்தை. "ம்", "அடுத்து". சாப்பிட்டியா, காய்ச்சல் தேவலையா என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா? கேட்டதில்லை.

சாயங்காலம் குவார்ட்டர்சுக்குப் போனால் வா என்று சொல்ல ஆள் கிடையாது. நாள் பூராவும் அவள் வாய் திறந்து பேசுவது அந்த நம்பர்களைத்தான்.

போன மாதம் ஏ.ஈ. பட்டென்று சொல்லிவிட்டார். "மிஷின் வந்துட்டா ஒரே ஆளு போதும். டேபிள் வாசிக்கத் தனியா ஒரு ஆளு எதுக்கு?"

வேலை போனால் தேவாரம் ஊரில் அண்ணன் வீட்டு அடுப்படிதான். அண்ணி முகம் பார்த்துச் சோறு திங்கணும்.

அந்த நேரம் பார்த்து இந்தச் சங்கரலிங்கம் எழுந்து, "நானே தேனிக்குப் போயி வாங்கியாறேன் சார்" என்றாரே! என்னா அவசரம்! ஆறு வருஷம் எதிரே உட்கார்ந்த மனுசன், அவளுக்காக ஒத்தை வார்த்தை பேசினாரா? மிஷின் வருவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதை அவளால் தாங்க முடியவில்லை.

ஏ.ஈ. இன்னும் அடங்கவில்லை. "உமக்கு மெமோ உண்டு. ஏம்மா முத்துப்பேச்சி, நீ போயி இதைக் குடுத்துட்டு சயின்டிஃபிக்கா மாத்திட்டு வா. மாத்தித் தரலேன்னா இனி அடுத்த வருச சாங்ஷன்லதான் வாங்க முடியும். அது வரைக்கும் பழைய டேபிள்தான்."

அவள் சீட்டை அவள் கையாலேயே கிழித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றா சொல்ல முடியும்? கால்குலேட்டர் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பக்கத்தில் தக்காளிக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள், "என்ன ஆத்தா, மொகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டாள். அதற்கே முத்துப்பேச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாச்சு!

தேனி பஜாரில் பொன்னுராஜ் கடை. வாட்ச், ரேடியோ, கால்குலேட்டர் எல்லாம் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தது.

"அண்ணாச்சி, இதை மாத்தணுமாம். சயின்டிஃபிக் வேணுமாம்."

பொன்னுராஜ் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அணையில இருந்து வாறியாம்மா? டேபிள் வாசிக்கிற புள்ள நீதானா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இதை மாத்தித் தர மாட்டேன்மா. பில்லைப் பாரு. வித்த சரக்கு வாபஸ் இல்லைன்னு பெருசா எழுதியிருக்கேன். ஒங்க ஓவர்சியருதான் பக்கத்துல நின்னு எழுதச் சொன்னாக."

"அவருக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? பவர் பட்டன்கூடப் பாக்கத் தெரியாம வாங்கிட்டு வந்து, ஆபீசே சிரிக்குது. மெமோ வேற வரப்போகுது."

"அவுகளுக்கா தெரியாது?" பொன்னுராஜ் அவளை முறைத்தார். "நான் சயின்டிஃபிக்கைத்தான் எடுத்து வச்சேன். பிராக்கெட்டு, பவரு எல்லாம் போட்டு, ஒங்க ஃபார்முலாவ மடமடன்னு தட்டி விடையைக் கொண்டாந்துட்டாக. இம்புட்டு வருசமா விக்கிறேன், அந்தப் பட்டன் எதுக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அப்ப இதுக்கே பில் போட்டுரவான்னு கேட்டேன். அதை எங்கிட்டயே தள்ளி வச்சாக. பெறகு, 'இந்தக் கணக்கைப் போட முடியாத மிஷினாப் பாத்து ஒண்ணு குடுய்யா'ன்னாக."

காலையில் சிரித்த சிரிப்பு இப்போது நெஞ்சைச் சுட்டது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனாம்?" என்றாள் கடைசியில்.

"நானும் அதைத்தான்மா கேட்டேன். 'வீட்டுல நானும் ஒத்தை, அந்தப் புள்ளையும் ஒத்தை. நாள் பூரா என் காதுல விழுற மனுசக் கொரலே அது வாசிக்கிற சத்தந்தான். அதையும் ஊருக்கு அனுப்பிட்டு நான் அங்கன யாரு கொரலைக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க?'ன்னு கேட்டாகம்மா."