கழுத்தளவு

அண்ணி எர்மெலிண்டா பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் கறை ஏறியது, அமாதேயு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். முதல் பாட்டில் திறந்ததும், திராட்சை மிதித்தவன்போல அவன் பாதம் ஊதாவானது. அண்ணன் செத்த நாளிலிருந்து அவன் மிதிதொட்டியில் கால் வைத்ததே இல்லை. பிறகு முழங்கால், இடுப்பு, மார்பு. சோப்புக்கும் எலுமிச்சைக்கும் கறை அசையவில்லை.

எல்லாமே அண்ணன் செத்த வருஷத்து போர்ட் ஒயின். தொடையளவுச் சாற்றில் கால் வழுக்கி மூழ்கிவிட்டான் என்று தோரோ பள்ளத்தாக்கே நம்பியது. தொட்டியில் கூட இருந்தவன் அமாதேயு ஒருவன்தான்.

ஞாயிறு மதிய விருந்துக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தான். எர்மெலிண்டா, மிகப் பழைய பாட்டில்களைத் திறக்கும் முறைப்படி, தணலில் பழுத்த இடுக்கியால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்தாள்.

"அண்ணி, அத மட்டும் விட்டுடுங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றான் தணிந்த குரலில்.

"இருபது வருஷம் அசைக்காமப் படுக்கப் போட்டு வச்சிருந்தது. இதுதான் கடைசி. அவரும் இப்படித்தானே கெஞ்சியிருப்பாரு, கொழுந்தனாரே?"

ஈரத்துணியால் தொட்டாள். கண்ணாடிக் கழுத்து சுத்தமாகத் துண்டானது. அவள் நிதானமாக ஊற்ற, விருந்தாளிகள் நிறத்தை மெச்சினார்கள்.

அமாதேயு மட்டும் எழுந்து, வாயை இறுக மூடி, முகவாயை உயர்த்தி, அந்த உலர்ந்த தரையில் நுனிக்காலில் நின்றான்.