வாசலில் பந்தல் கூடாது

"பந்தல் போடக் கூடாது. பேனர் கட்டக் கூடாது. மோளமும் கூடாது."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேசவன் மெயின் கேட்டை மறித்து நின்றார்.

முட்டுக்காட்டுப் பக்கம், கடலைப் பார்த்த வில்லாக்கள். எல்லாச் சுவரும் ஒரே வெள்ளை. மாடிச் சுவரில் ஒரு துண்டு காய்ந்தால்கூட நோட்டீஸ் வந்துவிடும்.

அங்கேதான் ஆல்வின் வீடு வாங்கியிருந்தான். வைத்தியத்துக்காக அவனோடு வந்து தங்கியிருந்த அப்பா ஏசுபாதம், அன்று விடியற்காலையில் இறந்துபோனார்.

மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து சொந்தங்கள் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். வேனுக்குள் பந்தல் கம்புகள், மோள செட்டு. கையில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் ஏசுபாதத்தின் போட்டோவுக்குக் கீழே ஊர்ப் பெயர், பக்கத்திலேயே 'காலனி' என்று பெரிய எழுத்தில்.

"இன்னா சார் பேசறே? பொணம் உள்ள கீது. பந்தல் போட உன்ன கேக்கணுமா?" இறந்தவரின் தம்பி ஜெபகுமார் எகிறினார்.

"வீட்டு முகப்பு மாறக் கூடாதுங்க. எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"எங்கள மாரி ஆளுங்க வந்தா மட்டும் விதி வந்துடுமே உனுக்கு!"

கேசவன் கேட்டின் ஓரமாக நின்ற ஆல்வினைப் பார்த்தார்.

"டேய் ஆல்வின், நீயே கேளுடா இந்தாள! நீயும் டப்பு குட்த்துதானே வூடு வாங்கன?"

ஆல்வின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு, கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள் அவன் அம்மா பாப்பா.

"வுடு ஜெபா. புள்ள இங்க குடுத்தனம் பண்ணணும். அவன பேஜார் பண்ணாத." கேசவனைப் பார்த்துக் கை கூப்பினாள். "ஐயா, ஊருக்கே எட்துகினு போயிடறோம். எம்புள்ள மேல கோச்சிக்காதீங்க."

கேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மோளச் சத்தமில்லாமல் ஏசுபாதத்தை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "நல்லா இருப்பியா நீ!" என்று கேசவன் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். சட்டையெல்லாம் மண். அவர் தட்டிவிடவில்லை.

ஏறுவதற்கு முன் பாப்பா மகனின் கன்னத்தைத் தடவினாள். "நீ இன்னாடா பண்ணுவே? அவங்க சட்டம் அப்டி கீது. மனச வுட்டுடாத."

ஆம்புலன்ஸ் நகர்ந்தது. பின்னாலேயே காரை எடுக்கப் போன ஆல்வினின் தோளைத் தொட்டார் கேசவன்.

"உங்கம்மா என்னைக் கும்பிட்டாங்களே, அதைத்தான் தாங்க முடியலப்பா. துக்க வீட்டுக்கு இங்க எந்தத் தடையும் கிடையாதுன்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு. 'மோளமும் பேனருமா வந்தா நாங்க யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார், விதின்னு சொல்லித் தடுத்துடுங்க'ன்னு காலையில என்கிட்ட வந்து அழுதியே... அதையும் சொல்லிடு."