சோறு வைத்த புரிட்டோ

அலுமினியத் தாளைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே சோறு.

வாயில் வைக்காமல் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வயதிருக்கும். பெயர் நொயெமி என்றாள். தெர்மாகோல் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள், நான் பிடுங்கப்போகிற மாதிரி.

எங்கள் தொழிற்சாலை வாசலில் புரிட்டோ விற்க ஒரு ஆளுக்குத்தான் இடம். பதினேழு வருஷம் அங்கே விற்றவள் போன மாதம் மகள் வீட்டோடு போய்விட்டாள். அடுத்து யார் என்று வாசல் காவல்காரன்தான் சொல்ல வேண்டும்.

வாசல் காவல்காரன் நான்.

இதற்கு எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தாலும் எனக்கு வாசிக்க அவ்வளவாக வராது. இடம் கேட்டு வருகிறவர் ஒரு புரிட்டோ தர வேண்டும். ஒரு வாய் தின்று பார்ப்பேன், மீதி வாசல் நாய்க்கு. வேலைக்கு வருகிறவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ரொட்டியைக் கடையில் வாங்கிவிட்டு, தான் சுட்டது என்றாள். இன்னொருவன் சும்மா சும்மா சிரித்தான். விற்க வந்தவன் காரணமில்லாமல் சிரித்தால் கறி பழசு. இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன்.

எங்கள் எல்லை ஊர் ஹுவாரெஸில் புரிட்டோ என்றால் என்னவென்று நான் சொல்கிறேன். மெல்லிசான கோதுமை ரொட்டி, உள்ளே ஒரே ஒரு சரக்கு. மிளகாயில் வெந்த கறியா, கறி மட்டும். மசித்த பழுப்புப் பயறா, கூட கொஞ்சம் சீஸ் வைக்கலாம், அதோடு சரி. இரண்டு விரல் கனம். ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் பஸ் கம்பியைப் பிடிக்க முடிய வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் சோறு, இலை, தயிர் என்று கண்டதையும் திணித்துத் தலையணை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் போட்டுவிடுகிறான்.

சோறு தட்டில் இருக்க வேண்டியது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

எந்த ஊர் என்று கேட்டேன். வெராக்ரூஸ், தெற்கே, ஆற்றங்கரை என்றாள். வந்து இரண்டு மாதமாகிறது. பிறப்புச் சான்று இல்லாததால் எந்தத் தொழிற்சாலையிலும் சேர்க்கவில்லை. இரண்டு பிள்ளைகள். இந்த இடமும் இல்லையென்றால் வந்த வழியே பஸ் ஏற வேண்டியதுதான் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குள் வேலைக்கு வந்த கிரிசெல்டா எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் வாய்க்கு வாசலே போதாது.

"தேயோ ஐயா, தெக்கத்திக்காரி சோத்தைச் சுருட்டிக் கொண்டாந்திருக்கா. விட்டா நாளைக்கு மீன் கொழம்பையும் சுருட்டிக் குடுப்பா, பாத்துக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். இந்த ஊர்க் குளிரை ஒரு வருஷம் தாங்கிவிட்டால் போதும், அவர்களுக்கும் இப்படிச் சிரிக்க வந்துவிடும்.

நொயெமி சிரிக்கவில்லை. பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முறை என்றால் முறை. ஒரு வாய் கடித்தேன்.

சோறு, கறுப்புப் பயறு. அதற்கும் அடியில், நீளவாக்கில் அரிந்து பொரித்த நேந்திரம்பழத் துண்டு ஒன்று.

மென்றேன். மண்காற்று அடித்தது. யாரோ, ஐயா முகத்தைப் பாரு, துப்பப்போகிறார் என்றார்கள். நான் துப்பவில்லை. மெல்ல நேரமானது, அவ்வளவுதான்.

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"சோறு இங்க விக்காதும்மா. நாளைக்குக் கறி கொண்டா, இல்லன்னா பயறு கொண்டா. ஒண்ணே ஒண்ணு. ரொட்டி நல்லாத்தான் சுட்டிருக்க. எடம் உனக்கு."

கிரிசெல்டா எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஆலைச் சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் வருகை அட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நாயும்தான்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். நன்றி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. குறுக்கே பேசினேன்.

"பழம் இன்னும் ரெண்டு நாள் கெடந்திருக்கணும். தோல் முழுசாக் கறுத்த பொறவுதான் பொரிக்கணும். அவசரப்பட்டுட்ட."

அவள் நிமிர்ந்தாள். என் தொப்பி, என் மீசை, சட்டையில் தைத்த என் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஐயா," என்றாள் மெதுவாக. "நீங்க ஆத்துக்கு எந்தக் கரை?"

நாற்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

நாளை ஐந்தரைக்குள் வந்துவிடு, பெட்டியை நிழலில் வை என்று மட்டும் சொன்னேன். வெறும் அலுமினியத் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாய் எழுந்து வந்து என் கையை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.